ரத்தம் வராத மண்டை

அந்த நாளில் விருதுநகரில் மண்டைகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கென்றே ஒரு குழு இருந்தது. தலைக்காயத் தீர்மானக் குழு என்று பெயர். சிவகாசி, சாத்தூர் வட்டாரத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் வேலை செய்கிற எவனுக்காவது தலையில் அடிபட்டால், பட்டது அடிதானா என்பதை அவன் சொல்லிவிட முடியாது. அவன் பெண்டாட்டி சொல்ல முடியாது. கூட நின்று பார்த்தவர்கள் சொன்னாலும் செல்லாது. குழு கூடி, மண்டையைத் தடவிப் பார்த்து, காபி குடித்து, அதற்குப் பிறகு சொல்ல வேண்டும். அதுவரைக்கும் அந்த மண்டை சொந்தப் பொறுப்பில் வலித்துக்கொள்ளலாம்.

குழு உட்கார்ந்த இடம் ஒரு மிளகாய் வத்தல் கிட்டங்கியின் மாடி. கீழே மூட்டை மூட்டையாக வத்தல் ஏறி இறங்கும். நெடி படியேறி மேலே வரும். மனுக் கொடுக்க வருகிறவர்கள் தும்மிக்கொண்டேதான் வருவார்கள். தலையில் அடிபட்டவனுக்கு ஒவ்வொரு தும்மலும் உள்ளேயிருந்து விழுகிற அடி. இதை ஒருவன் அழுதுகொண்டே சொன்னபோது, தும்ம முடிகிறவனுக்கு மூளை ஒழுங்காக வேலை செய்கிறது என்று குழு முடிவு செய்து அவனை வேலைக்கு அனுப்பியது.

குழுவில் மூன்று பேர். தலைவர் சங்கரபாண்டியன், அதற்கு முன்னால் எடை அளவு இலாகாவில் இருந்தவர். படிக்கல்லுக்கு முத்திரை குத்திக் குத்திக் காய்த்த கை. இரண்டாமவர் செல்லப்பாண்டி, பல் டாக்டர். தலைக்குள்ளே இருக்கிற சமாசாரங்களில் அவருக்குப் பழக்கமானது பல் ஒன்றுதான். மூன்றாமவர் சுந்தரபாண்டி, கம்பெனி மானேஜர், முதலாளிகள் தரப்பு. தொழிலாளர் தரப்புக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் காபித் தூக்குவாளியை வைப்பது வழக்கம்.

குழுவின் முதல் விதியைத் தலைவரே தன் கைப்பட எழுதிக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். ரத்தம் வந்தால் காயம். எலும்பு முறிந்தால் பலத்த காயம். இரண்டும் இல்லையென்றால் நடிப்பு. இரண்டாவது விதி என்று ஒன்று தேவைப்படவில்லை.

வேலுத்தாய்க்கு இந்த விதி தெரிய வந்தது அறுபத்திரண்டாம் வருஷம், தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது. ஆனைக்குட்டம் பக்கத்தில் சுந்தரபாண்டி மானேஜராக இருந்த கம்பெனியில் அவள் திரி வெட்டுகிறவள். அவள் புருஷன் சங்கிலிமுத்து அங்கேயே மருந்து அறையில் வேலை. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் கலக்கிற அறைக்குத்தான் மருந்து அறை என்று பெயர். அந்த அறைக்குள் செருப்புப் போடக் கூடாது, இரும்பு கொண்டுபோகக் கூடாது. புஸ்வாணத்துக்கு மருந்து இடிக்கிற கொட்டாப்புளிகூட மரத்தில்தான் இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, என்ன போட்டோம் என்பது ஞாபகம் இருக்க வேண்டும். ஒரு தரம் போட்டதை மறந்து இரண்டாம் தரம் போட்டால் அதற்கப்புறம் அந்த அறை இருக்காது.

சங்கிலிமுத்துவோடு சேர்ந்து மருந்து கலக்கியவன் முனியசாமி. அவன் கொஞ்ச நாளைக்கு முன்னால் லோடு லாரியிலிருந்து தலைகுப்புற விழுந்தவன். விழுந்ததிலிருந்து பேச்சில் தடுமாற்றம், வெளிச்சத்தைக் கண்டால் கண் கூச்சம். குழு அவன் மண்டையைத் தடவிப் பார்த்தது. ரத்தம் இல்லை. நடிப்பு என்று சொல்லி மருந்து அறைக்கே திருப்பி அனுப்பியது. அவன் பெண்டாட்டி இருளம்மாள், என் புருஷனுக்கு நேத்துச் சாப்பிட்டதே ஞாபகம் இல்லையே என்று மன்றாடினாள். நேற்றுச் சாப்பிட்டதைக் குழுத் தலைவரும்தான் மறந்துவிட்டார் என்று டாக்டர் ஆறுதல் சொன்னார்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் முனியசாமி ஏதோ ஒன்றை இரண்டாம் தரம் போட்டான். சத்தம் சாத்தூர் ரோடு வரைக்கும் கேட்டது. அறையின் ஓடுகள் கிணற்றுக்குள் கிடந்தன. வெளியே வெயிலில் வெடி காயவைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் எரிந்து கருகி ஒருவரையொருவர் கட்டிப்பிடித்த மேனிக்கே கிடந்தார்கள். முனியசாமியின் வலது கை மட்டும் வேலிக்கருவேல மரத்தில் தொங்கியது. மணிக்கட்டுக்கு மேலே இருளம்மாள் பெயரைப் பச்சை குத்தியிருந்தான். அதைப் பார்த்துத்தான் அவள் அது தன் புருஷன் என்று சொன்னாள்.

சங்கிலிமுத்து அந்த நேரம் சல்லடை எடுக்க வெளியே போயிருந்தான். வெடித்த வேகம் அவனைத் தூக்கி எதிர்ச் சுவரில் அறைந்தது. வேலுத்தாய் ஓடி வந்து பார்த்தபோது அவன் சுவரோரம் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவள் அவனைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்துவிட்டு, குலசாமி காப்பாத்திருச்சு என்று நினைத்தாள்.

"முனியசாமி வெளிய வந்துட்டானா?" என்று அவன் கேட்டான்.

இல்லை, செத்துப் போனான் என்று அவள் சொன்னாள். அவன் வாய்விட்டு அழுதான். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முனியசாமி வெளியே வந்துவிட்டானா என்று கேட்டான். அவள் மறுபடி சொன்னாள். அவன் அப்போதுதான் முதல் தரம் கேட்கிறவனைப்போல மறுபடி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான். அன்று சாயங்காலத்துக்குள் அவனுடைய கூட்டாளி அவனுக்கு எத்தனை தரம் செத்துப்போனான் என்பதற்குக் கணக்கில்லை. கடைசியில் வேலுத்தாயால் தாங்க முடியவில்லை. வந்துட்டாக, அங்கன வேப்பமரத்தடியில உக்காந்திருக்காக என்று பொய் சொல்லிவிட்டாள். அவன் சிரித்தான். சிரித்த வாயோடு அவள் மடியிலேயே வாந்தி எடுத்தான்.

மறுநாள் அவனை மாட்டுவண்டியில் போட்டுச் சாத்தூருக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஆஸ்பத்திரியில் வயதில் சின்னவளான ஒரு டாக்டரம்மா இருந்தாள். அவனுடைய கண்ணைப் பார்த்தாள், நேராக நடக்கச் சொன்னாள், என்ன கிழமை என்று கேட்டாள். அவன் முனியசாமியைப் பற்றிக் கேட்டான்.

"மண்டை ஓட்டுக்கு ஒண்ணுமில்லம்மா. உள்ள மூளை குலுங்கிப் போயிருக்கு," என்று டாக்டரம்மா வேலுத்தாயிடம் சொன்னாள். "வெளிய ரத்தம் வரலங்கிறதால ஒண்ணுமில்லன்னு நெனச்சிராதீங்க. இருட்டுல அமைதியாப் படுக்க வைங்க. வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. தானாத் தெளியும். தெளியறதுக்குள்ள தலையில இன்னொரு அடி மட்டும் பட்டுறக் கூடாது. பட்டா ஆள் தங்க மாட்டாரு."

எழுப்பினால் எழுந்திருக்காமல் தூங்கினாலோ, ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்றும், முழுசாகத் தெளிகிறவரை மருந்து அறைப் பக்கமே விடக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினாள்.

வீட்டில் ஒருநாள் வேலுத்தாய் கூழ்ப்பானையை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போய் வந்தாள். சங்கிலிமுத்து பானையில் உப்புப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தான். போட்டுவிட்டு உப்புச் சட்டியை வைத்தான். மறுபடி எடுத்துப் போட்டான். மறுபடியும் எடுத்தான். அவள் குடத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் கண்ணுக்கு அது கூழ்ப்பானையாகத் தெரியவில்லை. அன்றைக்குப் பயந்ததுபோல அவள் கம்பெனி வெடித்த அன்றுகூடப் பயந்ததில்லை.

ஆனால் சாத்தூர் டாக்டரம்மா சொன்னது வைத்தியம். கம்பெனிக்கு வேண்டியது தீர்ப்பு. சீசன் நேரத்தில் மருந்து கலக்க ஆள் இல்லை, ஆர்டர் நிற்கிறது, குழுவிடம் போய் ஒரு முடிவு வாங்கி வா என்று மானேஜர் சுந்தரபாண்டி சொல்லிவிட்டார். போர்மேன் தங்கச்சாமி மட்டும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, குழுத் தீர்ப்பு வராமல் நான் இவனை மருந்து அறைக்குள் விட மாட்டேன், அதற்குமேல் என் கையில் இல்லை என்றான். எனவே வேலுத்தாய் புருஷன் தலையில் முந்தானையைப் போர்த்திவிட்டு, விருதுநகர் பஸ்ஸில் ஏற்றினாள்.

முதல் நாள் வெளிச்சம். குழுவின் முன்னால் அவனுக்கு மொட்டை அடித்தார்கள். அடித்த மொட்டையை வெயிலில் வைத்து ரத்தம் தேடினார்கள். டாக்டர் செல்லப்பாண்டி டார்ச் லைட்டை அவன் கண்ணுக்குள் அடித்துப் பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில் வாயைத் திறக்கச் சொல்லி, கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை என்றார். சங்கிலிமுத்து மேசைமேல் வாந்தி எடுத்தான். மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்த மண் மண்டையோட்டின் மேலெல்லாம் தெறித்தது.

தலைவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினார். அவர் எப்போதும் கூட்டத்தில் பேசுகிற மாதிரிதான் பேசுவார்.

"நான் ஆயுள் முழுவதும் எடை போட்டவன் அம்மா. எடை போட முடியாத எதையும் நான் நம்பியதில்லை. உன் புருஷனுக்குத் தலை வலிக்கிறது என்கிறாய். எத்தனை பலம் வலிக்கிறது? எத்தனை சேர்? சொல்ல முடியாது. எடையே இல்லாத ஒன்று எப்படி இருக்க முடியும்? நாளைக்கு ஆளாளுக்கு வந்து வலிக்கிறது வலிக்கிறது என்பார்கள். எல்லாருக்கும் வலித்தால் பட்டாசு யார் செய்வது?"

"ஐயா, அவுகளுக்கு ஞாபகம் நிக்கல. மருந்து அறைக்குப் போனா முனியசாமி அண்ணன் மாதிரியே ஆயிரும்," என்றாள் வேலுத்தாய்.

முனியசாமி யார் என்று தலைவர் கேட்டார். மானேஜர் இருமினார். முன்பு நடிப்பு என்று நாம் தள்ளிய கேஸ் என்று டாக்டர் காதோடு காதாக ஞாபகப்படுத்தினார். தலைவரின் முகம் மலர்ந்துவிட்டது.

"பார்த்தாயா? நடிப்பு என்று நாங்கள் சொன்ன உடனே ஒழுங்காக வேலைக்குப் போயிருக்கிறான். தீர்ப்பு என்றால் அப்படித்தான் ஆளைக் குணப்படுத்த வேண்டும்."

இரண்டாம் நாள் சத்தம். மெட்ராஸிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. திடீர்ச் சத்தம் கேட்டுத் திடுக்கிடுகிறவன் தெளிந்த மூளைக்காரன், திடுக்கிடாதவனுக்கு மூளையில் கோளாறு என்று அதில் போட்டிருந்தது. மெட்ராஸ்காரனுக்கு அது சரியாக இருக்கலாம். குழு அதைச் சிவகாசிக்காரன்மேல் போட்டுப் பார்த்தது. மானேஜர் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த குருவி வெடியை சங்கிலிமுத்துவின் காதுக்குப் பின்னால் கொளுத்தினார்கள். அவன் தலையைப் பிடித்துக்கொண்டானே தவிரத் திடுக்கிடவில்லை.

சுற்றறிக்கைப்படி பார்த்தால் அவனுக்கு மூளையில் அடிபட்டது உறுதியாகிவிட்டது. வேலுத்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். மானேஜருக்கு வியர்த்தது. இது சந்தேகத்துக்குரிய முடிவு, வேறு ஆட்களையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். படியில் காத்திருந்தவர்களைக் கூப்பிட்டு ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் வெடி வைத்தார்கள். ஒருவனும் திடுக்கிடவில்லை. கீழே வத்தல் மூட்டை தூக்குகிறவனைக் கூப்பிட்டார்கள். அவன் சொந்த ஊர் சிவகாசி. காது குடைந்துகொண்டு நின்றான். காபிக்காரி வெடித்தது தெரியாமல் இன்னும் கொளுத்தவில்லையா என்று கேட்டாள். மானேஜரே கொட்டாவி விட்டார். ஒவ்வொரு வெடிக்கும் நாற்காலியோடு துள்ளியவர் அந்த மாடியில் தலைவர் ஒருவர்தான். சுற்றறிக்கைப்படி இந்த வட்டாரத்திலேயே தெளிந்த மூளை அவருக்கு மட்டும்தான் இருக்கிறது என்று டாக்டர் அறிவித்தார். தலைவர் அதை அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார்.

பிறகு குழு கூடிப் பேசி, இந்த ஜனங்களுக்கு வெடி சிறிதாக இருப்பதுதான் கோளாறு என்று கண்டுபிடித்தது. யானை வெடி வந்தது. அதற்கும் யாரும் அசையவில்லை. அடுத்தது அணுகுண்டு. அதை வைத்தபோது சன்னல் கண்ணாடி நொறுங்கியது. சுவரில் இருந்த முதல் விதி ஆணியைப் பிடுங்கிக்கொண்டு விழுந்து உடைந்தது. அதன் சில்லு குத்திப் பியூன் கால் பெருவிரலில் ரத்தம் வந்தது. ரத்தம் வந்தால் காயம் என்றுதான் விதியில் இருக்கிறது, எந்த இடத்தில் என்று இல்லை. எனவே பியூனுக்குத் தலைக்காயம் என்று அங்கேயே தீர்ப்பாகி, அவனுக்கு ஒரு மாதம் பூரண ஓய்வு கொடுத்தார்கள். அவன் நொண்டிக்கொண்டே இறங்கிப் போனான்.

சங்கிலிமுத்து தரையில் சுருண்டு கிடந்தான். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அடிபட்ட நாய் மாதிரி முனகினான். வேலுத்தாய் அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"முனியசாமி வெளிய வந்துட்டானா?" என்று கேட்டான்.

"வந்துட்டாக," என்றாள். டாக்டரம்மா வேண்டாம் என்று சொன்ன மூன்றில் இரண்டை இவர்கள் கொடுத்து முடித்துவிட்டார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்றாவது ஒன்று பாக்கி இருந்தது.

மூன்றாம் நாள் அதுவும் வந்தது. தலைவருக்கு ஒரு யோசனை பிறந்திருந்தது. இரண்டு படிக்கல்லில் எது போலி என்று தெரிய வேண்டுமானால், முத்திரை குத்திய கல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதுபோல, இவன் மண்டையில் முன்பு விழுந்தது அடிதானா என்று தெரிய வேண்டுமானால், அளவு தெரிந்த ஓர் அடியை இப்போது கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் முன்னதும் அடி. இல்லாவிட்டால் நடிப்பு.

இதற்காக மானேஜர் கம்பெனியிலிருந்து மருந்து இடிக்கிற கொட்டாப்புளி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். தலைவர் தன் பழைய இலாகாத் தராசை மேசையில் வைத்து, கொட்டாப்புளியை எடை போட்டு, எடையை இரண்டு தரம் சரி பார்த்தார். அந்த நேரம் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவர் பெண்டாட்டிகூடப் பார்த்திருக்க மாட்டாள். வத்தல் மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு பேரை வரவழைத்து சங்கிலிமுத்துவின் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அவன் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் மொட்டைத் தலையைக் குனிந்துகொண்டு சாதுவாக உட்கார்ந்திருந்தான்.

"ஐயா, வேணாம்யா. இன்னொரு அடி பட்டா தங்க மாட்டாருன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காக," என்றாள் வேலுத்தாய்.

"தங்காவிட்டால் அதுவும் ஒரு முடிவுதானே அம்மா," என்றார் தலைவர். "குழுவுக்கு வேண்டியது முடிவு." கொட்டாப்புளியைத் தராசிலேயே விட்டுவிட்டு, அங்கவஸ்திரத்தை எடுத்து நாற்காலியில் போட்டு, சட்டைக் கையை மடித்துவிடத் திரும்பினார்.

வேலுத்தாய் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள். தராசுத் தட்டிலிருந்த கொட்டாப்புளியை எடுத்து, அம்மா வீட்டில் அம்மிக்குப் பக்கத்தில் ஒருதரம் பாம்பை அடித்த வீச்சில், தலைவரின் வழுக்கை மண்டையில் ஒன்று போட்டாள். நார் உரிக்காத தேங்காயைத் தரையில் போட்டதுபோல ஒரு சத்தம். அவர் மேசைமேல் விழுந்து, அதன் விளிம்பில் சரிந்து, காபித் தூக்குவாளியை இழுத்துக்கொண்டு தரைக்குப் போனார். மானேஜர் மேசைக்கடியில் தவழ்ந்தார். அவள் அவரை விட்டுவிட்டு மேசையில் மீதியிருந்த மண் மண்டையோட்டை அடித்துத் தூளாக்கினாள். டாக்டர் தன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு மூலையில் நின்றார். மூட்டை தூக்குகிறவர்கள் சங்கிலிமுத்துவின் தோளை விட்டுவிட்டு, அவன் தலைக்கு மேலே கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டார்கள்.

ஏட்டு கருப்பணன் வந்தார். பெண்பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, காயம் எங்கே என்று கேட்டார். கேஸ் எழுத வேண்டுமானால் காயம் வேண்டும். டாக்டர் தலைவரின் மண்டையைத் தடவினார். வீக்கம்கூடச் சரியாக எழும்பவில்லை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. எலும்பு கல்லுமாதிரி இருந்தது.

மானேஜர் மேசைக்கடியிலிருந்தே டாக்டரைக் கூப்பிட்டார். ரத்தம் இல்லாமலும் தலையில் காயம் உண்டு என்று இப்போது எழுதிக் கொடுத்தால், சாத்தூரிலிருந்து காரியாபட்டி வரைக்கும் நாம் நடிப்பு என்று தள்ளிய அத்தனை பேரும் நாளைக்கு இந்தப் படியில் நிற்பார்கள், முனியசாமி கேஸும் எழுந்து வரும் என்று கிசுகிசுத்தார். டாக்டர் கொஞ்ச நேரம் தலைவரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் உடைந்து கிடந்த விதியைப் பார்த்தார். பிறகு ஏட்டிடம் சொன்னார்.

"ரத்தம் இல்லை, முறிவு இல்லை. குழுவின் விதிப்படி தலைவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் இந்தப் பெண் ஒன்றும் செய்யவில்லை."

"அப்ப ஐயா கீழ விழுந்து கெடந்தது?" என்றார் ஏட்டு.

டாக்டர் உடைந்து கிடந்த விதியைக் கை காட்டினார். "நடிப்பு," என்றார்.

தலைவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் ஏட்டைப் பார்த்து உன் பெயர் என்ன என்று கேட்டார். ஏட்டு சொன்னார். நல்லது என்றார். கொஞ்சம் பொறுத்து, உன் பெயர் என்ன என்றார். ஏட்டு மறுபடி சொன்னார். தலைவர் கேட்டதையே கேட்பது குழுவில் எல்லாருக்கும் பழகிப்போன ஒன்று என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் சன்னலைச் சாத்தச் சொல்லி அழுது, டாக்டர் மடியில் வாந்தி எடுத்த பிறகுதான் டாக்டருக்கு உதறல் எடுத்தது. அவர் வேலுத்தாயின் பக்கத்தில் வந்து குனிந்து, சாத்தூரில் அந்த அம்மா என்ன செய்யச் சொன்னாள் என்று மெதுவாகக் கேட்டார்.

வேலுத்தாய் சொன்னாள். இருட்டில் படுக்க வைக்க வேண்டும், சத்தம் கூடாது, இன்னொரு அடி மட்டும் பட்டுவிடக் கூடாது. அவருக்கும் பெண்டாட்டி இருப்பாள் அல்லவா, அவளிடம் போய்ச் சொல்லுங்கள் என்றாள்.

தலைவருக்கு ஜலதோஷம் என்று வெளியே சொன்னார்கள். அந்த ஜலதோஷத்துக்காக அவர் வீட்டுச் சன்னல்களில் கறுப்புத் துணி கட்டினார்கள். தெருவில் வைக்கோல் பரப்பி அதன்மேல் வண்டிகளை விட்டார்கள். அந்த வருஷம் தீபாவளிக்கு அவர் தெருவில் ஒரு பொட்டு வெடிகூட வெடிக்கக் கூடாது என்று தண்டோரா போட்டார்கள். டாக்டர் காலையும் மாலையும் வந்து ஐயாவுக்கு இன்றைக்கு என்ன கிழமை என்று தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

தலைவர் இல்லாமல் குழு கூட முடியாது. குழு கூடாமல் தீர்ப்பு இல்லை. தீர்ப்பு இல்லாமல் சங்கிலிமுத்துவை உள்ளே விட மாட்டேன் என்று போர்மேன் தங்கச்சாமி கம்பெனி வாசலில் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றான். மானேஜர் கத்திப் பார்த்தார். விதி விதிதானே ஐயா என்று தங்கச்சாமி பணிவாகச் சொன்னான். அப்படியாக அந்தக் குழு தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு தொழிலாளிக்குப் பூரண ஓய்வு கொடுத்தது.

வேலுத்தாய் அவனைக் காரியாபட்டிப் பக்கம் அவன் அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அங்கே வெடிச் சத்தம் கிடையாது. கடலைக் காடும் காற்றும்தான். உள்வீட்டில் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கிப் படுக்க வைத்தாள். அவன் தூங்கினான், எழுந்தான், முனியசாமியைக் கேட்டான், வந்துவிட்டான் என்ற பொய்யை வாங்கிக்கொண்டு மறுபடி தூங்கினான். கேட்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கார்த்திகை போய் மார்கழியும் முடிகிற சமயம் ஒரு காலையில் அவள் கூழில் உப்புப் போடப் போனாள்.

"நான் போட்டுட்டேன் வேலு. நீ போட்டுறாத," என்றான்.

அவள் கூழை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு சரியாக இருந்தது. அவன் சுவரில் சாய்ந்து வெகுநேரம் கடலைக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கேள்வியாக இல்லாமல் சொன்னான்.

"முனியசாமி செத்துட்டான்ல."

"ஆமாங்க," என்றாள்.

அவன் அன்றைக்கு அழுதது கடைசி அழுகை. அதற்குப் பிறகு யாரும் அவனுக்கு அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேலுத்தாய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து அழுதாள். அவளுக்கு அன்று இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

பொங்கல் கழிந்து குழு மறுபடி கூடியது. தலைவர் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த தலைப்பாகையோடு வந்தார். புதிதாக ஒரு பந்தோபஸ்தும் போட்டிருந்தார்கள். மாடிப்படியில் நின்று மனுதாரர்களைச் சோதிப்பதற்கு மானேஜர் தன் கம்பெனி வாசல் காவல்காரனையே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அவன் கம்பெனியில் தேடுகிற மாதிரியே தேடினான். தீப்பெட்டி, பீடி, சாவி, ஊசி, இரும்பு என்று எது இருந்தாலும் பிடுங்கி வைத்துக்கொண்டான். மரச் சாமானை அவன் தன் ஆயுளில் தடுத்ததில்லை. எனவே அன்று தலையில் அடிபட்ட புருஷன்மாரைக் கைப்பிடித்துக் கூட்டி வந்த பெண்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு கொட்டாப்புளியோடு படியேறினார்கள். வாசலில் அவன் அவர்களிடம் தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றார்கள். போங்க தாயி என்று வழி விட்டான்.

வரிசையில் முதல் ஆளாக இருளம்மாள் நின்றாள். அவள் யாரையும் கைப்பிடித்து வரவில்லை. பின்னால் வேலுத்தாய் நின்றாள், துணைக்கு.

தலைவர் வரிசையைப் பார்த்தார். வரிசையின் கைகளைப் பார்த்தார். தலைப்பாகையை ஒரு தரம் தொட்டுக்கொண்டு, குரலை வரவழைத்து, உன் புருஷன் எங்கே என்று கேட்டார்.

"அவுக பேரு முனியசாமி. இங்கன வந்தாக. நடிக்கிறான்னு சொன்னீக," என்றாள் இருளம்மாள். "இன்னும் நடிச்சுக்கிட்டேதான் இருக்காக எசமான். எந்திரிக்கவே மாட்டேங்காக. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க."

தலைவர் சுவரைப் பார்த்தார். அங்கே ஆணி இருந்த ஓட்டை மட்டும் இருந்தது. டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருளம்மாள் மேசைக்கு வந்து, கொண்டுவந்த கொட்டாப்புளியைத் தராசுத் தட்டில் வைத்துக் கையை எடுத்தாள். தட்டு இறங்கி மேசைப் பலகையில் டொக்கென்று இடித்தது. அந்த மாடி நிறைய ஜனம் நின்றது. திடுக்கிட்டவர் தலைவர் ஒருவர்தான்.